பருவமழைக்கு முன் சாவியை மாற்றுங்கள்

மெர்சிங் பொலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும், ஜொகூரின் கிழக்குக் கரையில் ரவுட்டர், சுவிட்ச், கோபுரக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கும் இந்தக் கடிதம்.

நவம்பர் பிறந்தால் உங்கள் ஊர் ஜெட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தியோமான் படகுகள் குறைந்துவிடும். கடல் கொந்தளிக்கும் நாளில் ஒன்றும் ஓடாது. ரவா, பெசார், திங்கி, சிபு, அவுர், பெமாங்கில் தீவுகளில் பல விடுதிகள் மார்ச் வரைக்கும் கதவைச் சாத்திக்கொள்ளும். கருவிகளுக்கு அந்த விடுப்பு கிடையாது. சொல்லப்போனால் மழைக்காலத்தில்தான் தீவில் தங்கிவிட்டவர்களுக்குத் தொலைபேசி அதிகம் தேவைப்படும். அப்படிப்பட்ட ஒரு கருவியின் அங்கீகாரச் சாவியை டிசம்பரில் தொலைவிலிருந்தே மாற்றப் போய், பாதியில் இணைப்பு அறுந்து, பழைய சாவிக்கும் புதிய சாவிக்கும் கருவி பதில் சொல்லாமல் நின்றுவிட்டால், அடுத்த படகு கிளம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த நிலைமை உங்களில் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

உங்கள் ஊர் இந்தத் துறைக்குப் புதியதல்ல. ஜெர்மனியின் நோர்டனில் கிளம்பி, மத்தியதரைக் கடலும் செங்கடலும் தாண்டி, மும்பை, கொச்சி, கொழும்பை ஒட்டிய கல்கிசை என்று கரை தொட்டு வந்த சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள், மலேசியாவில் கரையேறியது இரண்டே இடங்களில்தான். ஒன்று பினாங்கு, மற்றது மெர்சிங். 33 நாடுகள், 39 கரையேறும் நிலையங்கள், ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் நீளம். தீபகற்பத்தைச் சரவாக், சபாவோடு இணைக்கும் எஸ்கேஆர்1எம் கேபிளும் உங்கள் கரையில் ஏறுகிறது. இப்படிப்பட்ட ஊரில் வலையமைப்பு வேலை கற்றுக்கொள்கிறவர்கள், சாவி மாற்றுவதை ஒரு சில்லறை வேலையாக நினைத்துவிடக்கூடாது.

எந்த வலையமைப்பிலும் ஒரு மேலாண்மை மென்பொருள் உட்கார்ந்து கருவிகளை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே இருக்கும். சூடு எவ்வளவு, எந்தப் போர்ட் விழுந்தது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கும். இதற்காக 1988இல் வந்த எஸ்என்எம்பி என்ற நெறிமுறையின் முதல் இரண்டு தலைமுறைகளில் பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. "பப்ளிக்", "பிரைவேட்" என்ற இரண்டு சொற்களே பல கருவிகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொற்கள். அவையும் வலையில் அப்பட்டமாகவே பயணம் செய்யும். வழியில் காது கொடுத்தவன் எடுத்துக்கொள்ளலாம்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஏபிடி28 என்று அழைக்கப்படும் ரஷ்ய உளவுத்துறைக் குழு 2021இல் சிஸ்கோ ரவுட்டர்களுக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். எளிதில் ஊகிக்கக்கூடிய எஸ்என்எம்பி சொற்களும், 2017இலேயே திருத்தம் வெளியாகியும் பூசப்படாமல் கிடந்த ஓர் ஓட்டையும் சேர்ந்து வழிவிட்டன. ஐரோப்பாவில் சில இடங்கள், அமெரிக்க அரசு நிறுவனங்கள் சில, உக்ரைனில் ஏறத்தாழ 250 இடங்கள் பாதிக்கப்பட்டதாக 2023 ஏப்ரலில் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து அறிவித்தன. இன்னும் இரண்டாம் தலைமுறையில் ஓடும் கருவி உங்கள் பொறுப்பில் இருந்தால், சாவி மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை மூன்றாம் தலைமுறைக்கு ஏற்றுங்கள்.

மூன்றாம் தலைமுறையின் பாதுகாப்புப் பகுதியை எழுதியவர்கள் உரி புளூமென்தாலும் பெர்ட் வைனனும். 1998 ஜனவரியில் முதல் வடிவம் வந்தது; இன்று நிலைத்திருக்கும் ஆர்எஃப்சி 3414 என்ற தர ஆவணம் வெளியானது 2002 டிசம்பரில். அதில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடுக்கி 10,48,576 பைட்டுகளாக நீட்டி, அதை ஹேஷ் செய்து ஒரு சாவி எடுக்கிறார்கள். அது நேரே கருவிக்குள் போவதில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உரிய எஞ்சின் அடையாள எண்ணோடு சேர்த்து மறுபடியும் ஹேஷ் செய்து, அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும் சாவியாக்கி வைக்கிறார்கள். சிபு தீவில் ஒரு கருவியை யாராவது தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்து உள்ளே இருக்கும் சாவியை எடுத்தாலும், அது திங்கி தீவுக் கருவியைத் திறக்காது. அந்தச் சாவியை வைத்துப் பின்னோக்கி நடந்து பாஸ்வேர்டைப் பிடிப்பதும் பாஸ்வேர்ட் வலுவாக இருந்தால் ஆகாத காரியம். ஊர்ப் பெயரும் ஆண்டும் சேர்த்து வைத்த பாஸ்வேர்ட் என்றால் நிலைமை வேறு. அன்று கணினிகளைத் திணறடித்த அந்தப் பத்து லட்சம் பைட் வேலை, இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைகளுக்குத் தூசு.

இப்போது மாற்றும் கட்டத்துக்கு வருவோம். புதிய சாவியைத் தொலைவில் இருக்கும் கருவிக்கு எப்படி அனுப்புவது? அந்தக் காலத்தில் குறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடுகள் இருந்தன. எல்லாக் கருவியிலும் குறியாக்கம் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் திறந்த வெளியிலேயே அனுப்பினாலும் புதிய சாவி தெரியாதபடி ஒரு கணக்கு அமைத்தார்கள். சிறிய எண்களில் சொல்கிறேன், கையால் போட்டுப் பாருங்கள்.

மேலாளர் ஒரு தற்செயல் எண்ணை உருவாக்குகிறார். பழைய சாவியையும் அந்த எண்ணையும் ஒட்டி ஹேஷ் செய்கிறார். விடை 7381 என்று வைத்துக்கொள்வோம். புதிய சாவி 2914. ஒவ்வோர் இலக்கமாக, கடன் வாங்காமல், புதியதிலிருந்து ஹேஷைக் கழிக்கிறார். எதிர்மறை வந்தால் பத்தைக் கூட்டிக்கொள்கிறார். 5633 வருகிறது. வலையில் போவது அந்தத் தற்செயல் எண்ணும் 5633உம் மட்டும். கருவிக்குப் பழைய சாவி தெரியும், ஆகவே அதுவும் ஹேஷ் செய்து 7381 என்று கண்டுபிடிக்கும். 5633ஐ இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 2914. வழியில் ஒட்டுக்கேட்டவனிடம் பழைய சாவி இல்லை, அதனால் 7381ஐ எட்ட முடியாது, 5633ஐ வைத்து அவனால் ஒன்றும் செய்ய முடியாது. உண்மையில் கழித்தல் கூட்டலுக்குப் பதில் பிட்டுகளை எக்ஸ்ஆர் செய்கிறார்கள். மற்றபடி கணக்கு இதேதான். புதிய சாவி எந்தக் கணத்திலும் வலையில் பயணிக்கவே இல்லை. யாராவது அந்தக் களத்தைப் பிறகு வாசிக்கக் கேட்டாலும் கருவி வெற்றுச் சரத்தையே திருப்பிக் கொடுக்கும்.

அழகான கணக்குதான். ஆனால் இதில் எல்லாமே பழைய சாவி ரகசியமாக இருப்பதன் மேல் நிற்கிறது. எத்தனையோ பேர் கவனிக்காமல் விடும் இடம் இது. உங்கள் போக்குவரத்தை ஒருவன் இன்று பதிவு செய்து வைத்துக்கொள்கிறான். தற்செயல் எண்ணும் 5633உம் அவன் கையில். இன்றைக்கு அவை உதவாது. ஆறு மாதம் கழித்து, யாரோ மறந்துவிட்ட ஒரு லேப்டாப்பில், பழைய பேக்கப் கோப்பில், அந்தப் பழைய பாஸ்வேர்ட் அவனுக்குக் கிடைக்கிறது. "அதை மாற்றி ஆறு மாதமாகிவிட்டதே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நாம் நினைப்போம். அவனோ பழைய சாவியையும் தற்செயல் எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து 7381ஐ எடுத்து, 5633ஐக் கூட்டி, இன்று உங்கள் கருவி பயன்படுத்தும் 2914ஐக் கையில் வைத்துக்கொள்வான். அடுத்தடுத்து நீங்கள் செய்த மாற்றங்களையும் பதிவு செய்து வைத்திருந்தால் சங்கிலி முழுவதும் அவிழ்ந்துவிடும். ஆகவே காலாவதியான சாவியையும் நடப்புச் சாவியைப் போலவே காப்பாற்றுங்கள். பேக்கப்பிலிருந்து, வாட்ஸ்அப் உரையாடலிலிருந்து, ஒப்பந்தக்காரருக்கு அனுப்பிய எக்செல் தாளிலிருந்து அதைத் துடைத்து எடுங்கள்.

இதிலிருந்தே அடுத்த விதி பிறக்கிறது. சாவி கசிந்துவிட்டது என்ற சந்தேகத்தில் நீங்கள் மாற்றுகிறீர்கள் என்றால், அதே சாவியின் மேல் ஏறி மாற்றாதீர்கள். கசிந்தது யாரிடம் இருக்கிறதோ அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிய சாவியை அவனுக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். இதைச் செய்துவிட்டு "மாற்றிவிட்டோம்" என்று அறிக்கை எழுதும் இடங்கள் உண்டு. அது நிர்வாகத்துக்குத் தரும் பொய்யான நிம்மதி. கசிவு என்றால் வேறு வழியில் போங்கள். ஒவ்வோர் அமர்வுக்கும் புதிதாகச் சாவி பேசிக்கொள்ளும் எஸ்எஸ்ஹெச் வழியாகக் கருவிக்குள் போய் மாற்றலாம், அதற்கான பாஸ்வேர்டும் கசிந்த அதே தாளில் இல்லை என்று உறுதிசெய்த பிறகு. கருவிக்கு டிஃபி-ஹெல்மன் முறையில் சாவி மாற்றும் வசதி இருந்தால் (2000 மார்ச்சில் ஆர்எஃப்சி 2786 என வந்தது, கேபிள் மோடம்கள் இதைப் பயன்படுத்தின) அதுவும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் நேரில் போய்க் கன்சோல் கேபிளைச் செருகுவதுதான் வழி. அதற்குத்தான் கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் வேண்டும்.

கசிவு இல்லை, வழக்கமான மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கஷ்டம் காத்திருக்கிறது. எஸ்என்எம்பி பெரும்பாலும் யூடிபி மேல் ஓடுகிறது. அனுப்பிய பொட்டலம் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். நீங்கள் மாற்றச் சொன்னீர்கள், பதில் வரவில்லை. கட்டளை வழியில் தொலைந்ததா, அல்லது கருவி மாற்றிக்கொண்டு அனுப்பிய பதில்தான் தொலைந்ததா? இரண்டும் இங்கிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பதறிப்போய் மறுபடியும் அதே கட்டளையை அனுப்பினால், மாறிவிட்ட சாவியின் மேல் பழைய கணக்கைப் போட்டு நீங்கள் எதிர்பார்க்காத மூன்றாவது சாவி உண்டாகிவிடும் ஆபத்தைத் தேடிப்போகிறீர்கள்.

நெறிமுறையை எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். பயனர் அட்டவணையில் யூசர்பப்ளிக் என்று ஒரு களம் வைத்தார்கள். அதில் ரகசியம் எதுவும் இல்லை, யாரும் வாசிக்கலாம். சாவி மாற்றும் அதே கட்டளையில் அந்தக் களத்திலும் ஓர் எண்ணை எழுதச் சொல்கிறார்கள். ஒரே கட்டளையில் போவதால் இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. பதில் வராவிட்டால் அந்தக் களத்தை வாசித்துப் பாருங்கள். நீங்கள் எழுதிய எண் இருந்தால் சாவி மாறிவிட்டது, இல்லையென்றால் மாறவில்லை. இதோடு ஸ்பின்லாக் என்று ஒன்றும் உண்டு. முதலில் அதன் மதிப்பை வாசித்துவிட்டு, மாற்றக் கட்டளையில் அதே மதிப்பைச் சேர்த்து அனுப்ப வேண்டும். நடுவில் வேறு ஷிஃப்டில் இருப்பவர் அதே கருவியில் கை வைத்திருந்தால் மதிப்பு நகர்ந்திருக்கும், உங்கள் கட்டளை மறுக்கப்படும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றி இருவருமே வெளியே நிற்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. விலை கொடுத்து வாங்கும் மேலாண்மை மென்பொருள் எதுவானாலும் விற்பனையாளரிடம் இந்த இரண்டையும் அது பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் தீவுக் கருவிகளை அந்த மென்பொருளின் தானியங்கி மாற்றத்திடம் ஒப்படைக்காதீர்கள்.

என் விருப்பம் இதையும்விட நிதானமான வழி. ஒரு பயனருக்கு ஒரு சமயத்தில் ஒரே அங்கீகாரச் சாவிதான் இருக்க முடியும். பழையதும் புதியதும் சில நாட்கள் சேர்ந்து வாழ இடமில்லை. ஆனால் கருவிக்குள் இரண்டு பயனர்களை வைக்கத் தடையில்லை. இருக்கும் பயனரைக் குளோன் செய்து இன்னொருவரை உருவாக்குங்கள். குளோனின் சாவியை மாற்றாதவரை நெறிமுறையே அந்தப் பயனரைச் செயல்பட விடாது. அது நல்ல கண்டிப்பு. பிறகு புதிய பயனரை உரிய குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் உள்ளே நுழைய முடியும், ஒன்றையும் பார்க்க முடியாது. மேலாண்மை மென்பொருளைப் புதிய பயனருக்கு மாற்றி, சில நாட்கள் ஓடவிட்டு, அதன் பிறகே பழைய பயனரை நீக்குங்கள். எம்டி5இலிருந்து ஷா-256க்கு ஏறுவதற்கும் இதுதான் வழி, ஏனென்றால் ஏற்கெனவே உள்ள பயனரின் அங்கீகார முறையை இன்னொன்றாக மாற்ற நெறிமுறை அனுமதிப்பதில்லை. ஷா-256ஐ ஏற்கெனவே பயன்படுத்தும் ஒரு பயனரிலிருந்தே குளோன் எடுக்க வேண்டும்.

இணையத்தின் பெயர் அமைப்பின் வேரில் இருக்கும் சாவியை மாற்றியவர்களும் இந்த நிதானத்தைத்தான் கடைப்பிடித்தார்கள். 2017 அக்டோபர் 11 என்று நாள் குறித்திருந்தார்கள். புதிய சாவி முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தது. நாள் நெருங்கும்போது, புதியதை இன்னும் ஏற்காத சர்வர்கள் கணிசமாக இருப்பது தரவுகளில் தெரிந்தது. மானம் போகும் என்று பார்க்காமல் தள்ளிவைத்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 11 அன்று மாற்றினார்கள். பெரிய சேதம் இல்லை. தள்ளிவைக்கும் அதிகாரம் உங்கள் வேலைத் திட்டத்திலும் எழுத்தில் இருக்கட்டும். வானிலை எச்சரிக்கை வந்த நாளில் "அட்டவணைப்படி செய்தாக வேண்டும்" என்று மேலதிகாரி வற்புறுத்தினால் காட்டுவதற்கு அது உதவும்.

டிராப்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கருவி தானாகக் கூப்பிட்டுச் சொல்லும் அபாய அறிவிப்புகள் அவை. மூன்றாம் தலைமுறையில் டிராப் அனுப்பும்போது அனுப்பும் கருவியின் எஞ்சின் எண்ணும் அதன் சாவியும்தான் பயன்படும். பெறுகிற சர்வரிலும் அதே சாவி பதிந்திருக்க வேண்டும். கருவியில் சாவியை மாற்றி, விசாரிக்கும் மென்பொருளிலும் மாற்றிவிட்டு, டிராப் பெறும் சர்வரை மறந்துவிட்டால் என்ன ஆகும்? திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் விசாரணை ஒழுங்காக ஓடுகிறது. கருவி அனுப்பும் அபாயக் குரல்களோ ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நிராகரிக்கப்படும். மின்சாரம் போய்ப் பேட்டரி இறங்கும் இரவில்தான் அது தெரியவரும். சாவி மாற்றிய பிறகு ஒரு சோதனை டிராப்பை வேண்டுமென்றே அனுப்பி, அது திரைக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே வேலை முடிந்தது என்று எழுதுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். சில கருவிகளில் புதிய சாவி நினைவகத்தில் மட்டும் ஏறியிருக்கும், நிரந்தரமாகச் சேமிக்கப்பட்டிருக்காது. மின்சாரம் போய் வந்தால் பழைய சாவி உயிர்பெற்று நிற்கும். மாற்றியதும் சேமித்துவிட்டு, முடிந்தால் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். கருவியையே மாற்றினால் எஞ்சின் எண்ணும் மாறிவிடலாம். அப்போது பழைய சாவிகள் எதுவும் அதில் பலிக்காது. சிஸ்கோ ஐஓஎஸ் கருவிகளில் இந்தப் பயனர்கள் ரன்னிங் கான்ஃபிக்கில் தெரியவும் மாட்டார்கள். பேக்கப்பை ஏற்றிவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று படகேறிவிடாதீர்கள். பயனர்களைத் தனியே உருவாக்கி, கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு உறுதிசெய்துவிட்டுக் கிளம்புங்கள்.

எப்போது மாற்றுவது? ரவுட்டர்களுக்கு இடையிலான டிசிபி எம்டி5 சாவிகளை 90 நாளுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்லி 2003இல் ஓர் ஆர்எஃப்சி வந்தது. அந்த எண்ணைப் பல அலுவலகங்கள் எல்லாச் சாவிக்கும் ஒட்டிவிட்டன. மெர்சிங் கடலில் 90 நாள் கணக்கு வைத்தால் ஒரு மாற்றமாவது நடு மழைக்காலத்தில் வந்து விழும். ஏப்ரலில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை என்று வைத்துக்கொள்வதே தீவுகளுக்குப் பொருந்தும். ஆனால் நாள்காட்டியைவிட முக்கியம் ஆட்கள். சாவி தெரிந்த ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ, துணை ஒப்பந்தக்காரர் மாறினாலோ, லேப்டாப் தொலைந்தாலோ, அன்றே மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும். நம் நாட்டில் பராமரிப்பு ஒப்பந்தங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கைமாறும்போது கதவுச் சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பப் பெறுகிறோம். கருவிச் சாவியை யாரும் கேட்பதில்லை. பழைய நிறுவனத்தில் இருந்தவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்களின் பழைய லேப்டாப் எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்? 2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் 854 நடப்பில் இருக்கிறது. தகவல் தொடர்பு அதன் கீழ் வரும் முக்கியத் துறைகளில் ஒன்று. அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒரு சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அதன் முதல் விவரங்கள் போக வேண்டும். எந்தக் கருவியில் எந்தப் பயனர், சாவி கடைசியாக எப்போது மாறியது, யாருக்குத் தெரியும் என்ற பதிவேடு இல்லாதவர்கள் அந்த ஆறு மணி நேரத்தில் என்ன தேடுவார்கள்?

பொலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு, நெட்-எஸ்என்எம்பியை நிறுவுங்கள். ஒன்றில் ஒரு பயனரை உருவாக்குங்கள். பயனரை உருவாக்கும் வரி, சேவை தொடங்கியதும் அதன் நிரந்தரச் சேமிப்புக் கோப்பிலிருந்து மறைந்து அதன் இடத்தில் அந்தக் கணினிக்கே உரிய சாவி வந்திருப்பதைத் திறந்து பாருங்கள். மற்றதிலிருந்து எஸ்என்எம்பியூஎஸ்எம் என்ற கட்டளையால் சாவியை மாற்றுங்கள். பாஸ்வேர்டை நேரே கட்டளை வரியில் தட்டினால் அது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும் என்பதையும் அப்போதே கவனியுங்கள். நடப்பதையெல்லாம் வயர்ஷார்க்கில் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவையும் பழைய பாஸ்வேர்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன கணக்கைச் சின்னதொரு பைத்தான் நிரலில் போட்டு, புதிய சாவியை நீங்களே எடுத்துப் பாருங்கள். கோப்பில் இருக்கும் சாவியோடு உங்கள் விடை பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எஞ்சின் எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய்த வரிசையைச் சரிபாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். செய்து பார்த்தவர்கள் எங்கே இடறியது என்பதை எழுதி அனுப்புங்கள், தமிழிலேயே எழுதலாம். அக்டோபருக்குள் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்தவன் ஒருவன்